இளநீர் எல்லோருக்கும் ஆகாது



நோயாளியைப் பார்க்கப் போகிறவர் இளநீர் கொண்டுபோவது படுவான்கரை வழக்கம். சூடு தணியும் என்பார்கள். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு அதுவே ஆபத்து. இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் கூடினால் இருதயம் நின்றுவிடவும் கூடும். காமரங்காய் இன்னும் கொடியது. அதன் நஞ்சு மூளையைத் தாக்கும்.

இது பணக்காரர் நோய் அல்ல. 1990களிலிருந்து மதவாச்சி, பதவியா பக்கத்து நெல் விவசாயிகளிடையே, நீரிழிவு இல்லாதவர்களிடமும் இது காணப்படுகிறது. காரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை.

"உப்பைக் குறையுங்கள், புரதம் அளவோடு" என்று நோயாளியிடம் மட்டும் சொல்லியனுப்பினால் போதுமா? நிவாரணப் பருப்பையும் கருவாட்டையும் வைத்து அடுப்பு மூட்டும் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் சட்டியில் இருப்பதைக்கொண்டு விளக்கவேண்டும் என்பது என் கருத்து. மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பொட்டாசியம் குறையும். கருவாட்டுக்குப் பதில் வாவி மீனில் ஒரு துண்டு, உப்புக் குறைத்து, தேசிப்புளி விட்டு. மீனே கூடாதென்று பயந்து வெறுங்கஞ்சியோடு கிடந்து மெலிபவர்களும் உண்டு. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பவருக்கோ புரதம் கூடுதலாகவே வேண்டும்.

யாருக்கு எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் சொல்லலாம். முகாம் மாறினாலும் ஊர் திரும்பினாலும் கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.