நெஞ்சைத் திறந்தவர்கள் வாயையும் திறக்கட்டும்

இலங்கையில் ஓர் இதய சத்திரசிகிச்சை வெற்றியளித்தால் அது செய்தி. வைத்தியர் குழுவின் படத்தோடு பத்திரிகையில் வரும். அந்த நோயாளி ஆறு மாதங்களின் பின் என்னவானார் என்பது எந்தப் பத்திரிகைக்கும் செய்தியல்ல. பத்திரிகைகளை விடுங்கள், வைத்தியசாலைகளுக்கே அது ஒரு விடயமாகத் தோன்றுவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பைபாஸ் செய்துகொண்டவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் எனக்குக் கிடைத்த கவனிப்பைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. கட்டணம் கேளாமல் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்துக்குப் புதுவழி அமைத்துத் தரும் இலவச சுகாதார சேவை நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆனால் அந்தச் சேவை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளோடு ஊமையாகிவிடுகிறது.

அதன்பின் வருவது கிளினிக். விடியற்காலையில் போய் இலக்கம் எடுக்கவேண்டும். நண்பகலை அண்டி அழைப்பு வரும். உள்ளே இரண்டு நிமிடம். குருதியமுக்கம் பார்ப்பார்கள், கொப்பியில் ஏதோ எழுதுவார்கள், அடுத்த மாதத் திகதியைத் தருவார்கள். ஒருநாள் என் பக்கத்து வாங்கில் இருந்த முதியவர் தன் அட்டையை என்னிடம் நீட்டி, “தம்பி, ஐயா என்ன சொன்னவர்?” என்று கேட்டார். வைத்தியர் பேசியது சிங்களம். அட்டையில் இருந்தது ஆங்கிலம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியாக்கப்பட்ட தமிழ், அந்த மனிதரின் உயிர் தொங்கும் அட்டையை இன்னும் எட்டிப்பார்க்கவில்லை.

அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்க வேண்டும்? முதற் சில வாரங்களில் நெஞ்சுக் காயமும், நாளம் எடுத்த கால் காயமும் பார்க்கப்பட வேண்டும். பிளந்த நெஞ்செலும்பு நன்கு பொருந்த ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். அதுவரை தண்ணீர் வாளி தூக்கலாகாது. காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்செலும்பு அசையும்போது ‘கிளிக்’ என்ற சத்தம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ நிறை கூடுதல், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும். ஈ.சி.ஜி. எதற்கு, எக்கோ எதற்கு, கொலஸ்ரரோல் குளிசையை நலமானபின்னும் ஏன் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சையின் பின் மனச்சோர்வு வருவது சாதாரணம். அது பலவீனமல்ல, அதையும் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும்.

செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களின் நிலை இன்னும் பாரதூரமானது. அவர்கள் ஆயுள் முழுவதும் வார்பரின் எடுக்கவேண்டும். ஐ.என்.ஆர். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும். கூடினால் குருதிப்பெருக்கு ஏற்படும். அந்த அளவை முருங்கையிலை வறையும் மாற்றும், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் குளிசையும் மாற்றும். கீரையை விலக்கவேண்டியதில்லை, ஒரே அளவாக உண்டால் போதும் என்ற எளிய உண்மையை யார் சொல்கிறார்கள்? பல் பிடுங்குமுன் நுண்ணுயிர்க்கொல்லி எடுக்கவேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டு, இருபது வயதில் மாற்றிக்கொண்ட பெண் ஒருத்தி திருமணமாகிக் கருத்தரிக்கிறாள் என்று வையுங்கள். வார்பரின் கருவைப் பாதிக்கக்கூடியது. தானாக நிறுத்தினாலோ அவள் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்க எண்ணும்போதே கிளினிக்கில் கேட்கவேண்டும் என்பதை அவளுடைய மொழியில் அவளுக்கு எவரும் சொல்லாவிட்டால், அந்த மௌனத்துக்கு யார் பொறுப்பு?

‘நோயாளர் கூட்டம், வைத்தியருக்கு நேரமெங்கே?’ என்பார்கள். நியாயந்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வைத்தியரின் நேரத்தை அல்ல. வாங்கில் ஐந்தாறு மணிநேரம் சும்மா குந்தியிருக்கும் நோயாளியின் நேரம் வீணாகிறதே, அதைப் பயன்படுத்துங்கள் என்கிறேன். தமிழ் தெரிந்த ஒரு தாதி பதினைந்து நிமிடம் பேசினால் போதும். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாள் போதும். இதற்கு வெளிநாட்டு உதவியும் வேண்டாம், அமைச்சரவைப் பத்திரமும் வேண்டாம். மனம் வேண்டும்.

நோயாளர் பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு. வைத்தியரைத் தெய்வம் என்கிறோம். தெய்வத்திடம் கேள்வி கேட்பதில்லை. கேளுங்கள் ஐயா! கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். குடிக்கும் குளிசைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இது அடங்காமையல்ல, உரிமை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இதய நோயாளருக்கு மீள்நலப் பயிற்சி என்ற ஒன்று உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். தொலைபேசியில் ‘ஒப்பரேசன் சரியோ?’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘கடைசி ஐ.என்.ஆர். எத்தனை? குளிசை ஒழுங்காகக் கிடைக்குதோ? அடுத்த கிளினிக் எப்போது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விகள் நீங்கள் அனுப்பும் பணத்தைவிடப் பெறுமதியானவை.

சத்திரசிகிச்சை சில மணிநேர வேலை. அதைக் காப்பாற்றுவது மிச்ச ஆயுள் முழுவதற்குமான வேலை. முதலாவதற்குக் கைதட்டும் தேசம் இரண்டாவதையும் கணக்கில் எடுக்கும்வரை, எந்த வைத்தியசாலையும் ‘வெற்றி’ என்ற சொல்லைச் சற்று நிதானித்தே பயன்படுத்தட்டும்.