உறங்கும் பிராணியை எழுப்புவோர்

தாய்லாந்து நாட்டின் சோன்புரி மாகாணத்தில் காவ் கியாவ் திறந்தவெளி விலங்குப் பூங்கா உள்ளது. 2024 ஜூலை 10ஆம் நாள் அங்கே பிறந்த குள்ள நீர்யானைக் குட்டிக்கு மூ டெங் என்று பெயரிட்டனர். அதன் படங்கள் உலகெங்கும் பரவவே, கூட்டம் திரண்டது. வந்தோர் செய்த காரியம் யாது? குட்டி எழுந்து நடமாட வேண்டுமென்று, உறங்கிக் கிடந்த அதன்மீது தண்ணீரை வீசினர்; சிப்பிகளை எறிந்தனர். பிறந்து இரண்டு மாதமே ஆன குட்டி! நிர்வாகத்தார் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தி, வார இறுதி நாட்களில் ஒருவர் ஐந்து நிமிடமே நின்று பார்க்கலாம் என வரையறுத்தனர். குள்ள நீர்யானையோ இரவில் உலவிப் பகலில் ஓய்வு கொள்ளும் இனம். அதன் இயல்பே அவர்களுக்குக் குற்றமாயிற்று.

"காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருக்கிறோம், பார்க்க வேண்டாமா?" என்று வாதிடுவோர் நம் நாட்டிலும் உளர். சீட்டு, நுழைவதற்குக் கொடுத்த கூலி. பிராணியின் உறக்கத்துக்குக் கொடுத்த விலையன்று. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செல்போனை நீட்டி, புலிக்கூண்டின் கம்பியைத் தட்டும் வாப்பாவை நாம் கேட்கிறோம்: தொட்டிலில் உறங்கும் உம் பிள்ளையை அயலான் ஒருவன் படத்துக்காகத் தட்டி எழுப்பினால் பொறுப்பீரா? புலி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் இரை தேடும் பிராணி. பகலில் அது படுத்திருப்பது சோம்பலன்று. தோளில் இருக்கும் பிள்ளை அன்று புலியைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை. கம்பியைத் தட்டுவதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது.

பிராணிக்கு அரபியில் ‘ஹயவான்’ என்று பெயர். உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘ஹயாத்’ பிறந்த அதே வேரில் பிறந்த சொல் அது. பொம்மைக்கு அப்பெயர் இல்லை.

படமெடுப்பதே தகாது என நாம் சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் மேய்ந்த குவாகா என்னும் வரிக்குதிரை வகையின் கடைசிப் பிராணி 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் மடிந்தது. உயிரோடு இருக்கையில் படமெடுக்கப்பட்ட குவாகா ஒன்றே ஒன்று. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1872இல் இறந்த பெண் குவாகா அது. அப்படங்கள் இல்லையேல், உயிருள்ள குவாகா நின்ற கோலத்தை இன்று எவரும் காண இயலாது. அத்தகைய படத்துக்குப் பொறுமை வேண்டும். கண்ணாடிக்கு முன் ஃபிளாஷ் அடிப்பவனுக்குக் கிட்டுவது தன் விளக்கின் ஒளிதான்!

பூங்கா நிர்வாகங்களும் தப்பிக்கலாகாது. பிராணிகளைச் சீண்டுவதையும், ஒலியெழுப்பித் தொல்லை தருவதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு தடுக்கிறது. எத்தனை பேர் அறிவர்? ஒவ்வொரு கூண்டின் முன்னும் அப்பிராணி உறங்கும் வேளையையும் நடமாடும் வேளையையும் எழுதி வைக்கட்டும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் பூங்காக்கள் அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே 38ஜே பிரிவை அச்சிடட்டும். அதற்காகும் மைச்செலவைத் தாங்கமாட்டாதவர் அல்லர் அவர்கள்.