நான்கு எழுத்துகள் மட்டும்தானா?

ஓம் விதியை எழுதும்போது ‘வெப்பநிலை மாறாதிருக்கையில்’ என்ற சொற்களை யாராவது விட்டுவிட்டால் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். ஒரு விதி எதுவரை செல்லும் என்பதும் அந்த விதியின் பகுதிதான். ஆனால் ‘டி.என்.ஏ.வில் உள்ள காரங்கள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகிய நான்கே’ என்று எழுதும்போது மட்டும் இந்தக் கண்டிப்பு எங்கே போய்விடுகிறது?

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அறிவியல் முகாமில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஏன் சார், நாலு மட்டும்?” என்று கேட்டாள். “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று பக்கத்தில் இருந்த ஆசிரியர் முடித்துவிட்டார். இயற்பியல் படித்த எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

நம் ஊர்க் குளங்களில் பச்சையாகப் படர்ந்து மிதப்பவற்றுள் நீலப்பச்சைப் பாசியும் ஒன்று. அந்த இனத்தைத் தாக்கும் எஸ்-2எல் என்ற வைரஸைச் சோவியத் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1977-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதன் டி.என்.ஏ.வில் அடினைனே இல்லை! அந்த இடத்தில் 2-அமினோ அடினைன் இருந்தது. இன்று அதை ‘இசட்’ என்று குறிக்கிறார்கள். அடினைன் தைமினை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிக்கிறது. இசட், தன் கூடுதல் அமினோ தொகுதியின் உதவியால், மூன்றால் பிடிக்கிறது. ஆகவே அந்த இழைகளைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். எங்கள் பாடம் இங்கே உள்ளே வந்துவிட்டது, பாருங்கள்.

இதை வைரஸ் எப்படி நகலெடுக்கிறது? 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் விடை சொல்லின. எஸ்-2எல் வைரஸின் நகலெடுக்கும் நொதிக்கு அடினைனும் ஒன்றுதான், இசட்டும் ஒன்றுதான். எது கிடைத்தாலும் கோத்துவிடும். எனவே வைரஸ் சரக்கறையையே மாற்றிவிடுகிறது. பர்-இசட் என்ற நொதி குவானைன் கொண்ட மூலப்பொருளிலிருந்து இசட்டைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்குகிறது. பாசியின் சொந்த நொதிகளே மீதி வேலையை முடித்துக் கொடுக்கின்றன. டாட்-இசட் என்ற இன்னொரு நொதியோ, அடினைன் சரக்கிலிருந்து மூன்று பாஸ்பேட்டுகளையும் ஒரேயடியாகக் கழற்றி அதைப் பயனற்றதாக்குகிறது. அரிசிப் பானையைக் காலி செய்துவிட்டுக் கேழ்வரகை மட்டும் வைத்தால், சமைப்பவர் வேறென்ன செய்வார்! காலராக் கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸில் வழி வேறு: அதன் நகலெடுக்கும் நொதியே இசட்டைத் தேர்ந்தெடுத்துக் கோக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? வந்தேறி டி.என்.ஏ.வைத் துண்டாக்க பாக்டீரியாக்கள் வெட்டும் நொதிகளை வைத்திருக்கின்றன. அடினைன் உள்ள இடத்தைத் தேடும் பல நொதிகளால் இசட் உள்ள இழையை வெட்ட முடிவதில்லை.

இது ஏதோ ஒரே ஒரு விந்தை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நம் நெல்வயல்களில் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தாக்கும் எக்ஸ்பி-12 என்ற வைரஸில், சைட்டோசின் முழுவதற்கும் பதிலாக மெத்தில் சைட்டோசின் இருப்பதை 1968-இலேயே கண்டுவிட்டார்கள்.

உயிரணுக்கள் நான்கு எழுத்துகளைக் கொண்டே எழுதுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ‘சில வைரஸ்களில் இது மாறும்’ என்று பாடநூலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறேன். பரீட்சைக்கு அது வேண்டியதில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு வேண்டும்.