புரோகிராமிங் தெரியாதா? மேப் கணக்கை கம்ப்யூட்டரிடமே விடுங்கள்!

ஒரே வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் கம்ப்யூட்டர். ஆனால் மேப் மென்பொருள் என்று வந்துவிட்டால், அந்த வேலையை நாமே உட்கார்ந்து செய்கிறோம். "ஆட்டோமேஷனா? அதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டுமே" என்று ஒதுங்கி விடுகிறோம். இந்தப் பயம் தேவையில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊர் சூலூரையே எடுத்துக்கொள்வோம். இங்கே நொய்யல் தண்ணீரை நம்பிப் பெரிய குளம், சின்னக் குளம் என இரண்டு குளங்கள் உள்ளன. எந்த மாதம் எத்தனை ஏக்கரில் தண்ணீர் நின்றது என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுத்து வரும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறக்க உதவும் க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசமே.

இத்தகைய படத்தை ராஸ்டர் என்பார்கள். கணக்கு நோட்டைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். நமக்குத் தேவை பச்சை ஒளியைப் பதிந்த பேண்ட் 3, அகச்சிவப்பு ஒளியைப் பதிந்த பேண்ட் 8. இவற்றில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சுமார் 40 கட்டங்கள் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். எனவே பச்சை எண்ணிலிருந்து அகச்சிவப்பு எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் உள்ள கட்டத்தில் விடை பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல் வரும். மெக்ஃபீட்டர்ஸ் 1996-ல் வெளியிட்ட இம்முறைக்கு என்.டி.டபிள்யூ.ஐ. என்று பெயர்.

ஒரு படம் என்றால் ராஸ்டர் கால்குலேட்டரில் நாமே டைப் செய்துவிடலாம். மாதம் ஒன்றாக 12 படங்கள் என்றால்? கணக்கிடுவது, குளத்தின் எல்லையில் வெட்டுவது, பரப்பைக் கூட்டுவது என மொத்தம் 36 வேலைகள். நடுவில் ஒரு மாதம் பேண்ட் 8-க்குப் பதில் பேண்ட் 4-ஐத் தேர்ந்தெடுத்தாலும் எர்ரர் மெசேஜ் வராது. தவறான ஏக்கர் கணக்குதான் வரும். குளம் சுருங்குகிறது என்று அதை வைத்து மனு கொடுத்தால், ஒரு தவறைக் காட்டியே மனுவை ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே ஆட்டோமேஷன் நேரத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. எல்லா மாதத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கவும்தான்.

இதற்கு க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸின் ப்ராசஸிங் மெனுவில் மாடல் டிசைனர் இருக்கிறது. மூன்று வேலைகளையும் மூன்று பெட்டிகளாக மவுஸால் இழுத்துப் போடுங்கள். முதல் பெட்டியின் விடை இரண்டாவதற்கும், இரண்டாவதன் விடை மூன்றாவதற்கும் போகும்படி இணைத்து சேவ் செய்யுங்கள். பிறகு அந்த மாடலின் மீது ரைட் கிளிக் செய்து, பேட்ச் ப்ராசஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அட்டவணை வரும். 12 வரிசைகளில் 12 மாதப் பைல்களையும் கொடுத்து ரன் செய்தால் போதும். சூத்திரத்தைத் தவிர ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மாடல் நீங்கள் சொன்னதைத்தான் செய்யும். ஆகாயத்தாமரை மூடிய குளம் நிரம்பி வழிந்தாலும், அந்த இடம் செடி என்றே கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகங்களுக்குக் கீழே இருப்பதும் இந்தப் படங்களில் தெரியாது. எனவே முதல் படத்தைக் கையால் செய்து பாருங்கள். முடிந்தால் குளக்கரைக்கே போய் விடையைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் மீதிப் படங்களைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள்.

நம் ஊர்க் குளத்தின் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு புரோகிராமர் ஆக வேண்டாம். எதற்குப் பின் எது என்று வேலையை வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும்.