கல்விச்சாலையும் கட்டற்ற மென்பொருளும்

கருவியைக் கையாளக் கற்பித்தல் ஒன்று. அதன் உள்ளமைப்பை அறியக் கற்பித்தல் மற்றொன்று. கல்வி எனப்படுவது பின்னதேயாம். எங்கள் பட்டினச்சேரியில் வலை கிழிந்தால் மீனவர் கரையில் அமர்ந்து தாமே செப்பனிடுவர். ‘இவ்வலையைப் பிரித்துப் பார்த்தலும் பிறர்க்குக் கொடுத்தலும் குற்றம்’ என விற்பவன் விதிப்பானாயின், அதனைக் கொள்வார் யாவர்? பள்ளிகளில் வழங்கும் மென்பொருள்களுட் பல இத்தகைய விதிக்கு உட்பட்டனவே.

அவ்விதியை மறுத்து எழுந்தது கட்டற்ற மென்பொருள். 1983-இல் அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் பின்லாந்து மாணாக்கர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்சும் இதற்கு அடிகோலின. இயக்குதல், ஆராய்தல், திருத்துதல், பிறர்க்கு வழங்குதல் என்னும் நான்கு உரிமைகளும் இதன்கண் யாவர்க்கும் உண்டு. விலையின்மை இதன் பயன்களுள் ஒன்றேயன்றி முதன்மையானதன்று.

கேரளத்தில் 2001-இல் தோன்றிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளில் லினக்சிற்கு மாறி, ஆசிரியரைப் பயிற்றி, பாடத்தையும் தேர்வையும் அதன்மேல் அமைத்தது. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட மாஹேயின் பள்ளிகள் நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. காரைக்காலார் தமிழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றினர். தமிழக அரசினர் 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய ‘பாஸ்’ லினக்சும் இடம்பெற்றது. எனினும், கருவியில் இருத்தல் வேறு. பாடத்தில் இருத்தல் வேறு.

‘அலுவலகங்கள் வேண்டுவது வணிக மென்பொருளன்றோ? இதனைப் பயின்றார்க்கு வேலை கிடைக்குமோ?’ என வினவுவர் சிலர். வினா தக்கதே. ஆயின், கடிதம் வரைதலும் கணக்கேடு அமைத்தலும் ஒன்றிற் கற்றவன் மற்றொன்றைச் சின்னாளிற் பழகுவான். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸே.

அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் தருமாறு இந்திய அரசு 2015-இல் கொள்கை வகுத்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ள இந்நாளில், அக்கொள்கை வகுப்பறைக்கும் வருதல் வேண்டும். முதற்கண் ஆசிரியர்க்குப் பயிற்சி, அதன்பின் கருவி. இம்முறை பிறழின் பெட்டிகள் வந்து சேருமேயன்றிக் கல்வி வந்து சேராது.

தமிழ் பயில்வோராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. லிபரே ஆபீஸ் முதலியவற்றைத் தமிழாக்கி வருவோர் தன்னார்வலர். பொருந்தாத கலைச்சொல்லைக் கண்டு குறைகூறி ஒழியாது, தக்க சொல்லை ஆய்ந்து அளித்தல் தமிழ் மாணாக்கர் கடனாம். திருத்தும் உரிமை நமக்கு உண்டு, திருத்துவார் வேண்டும்.