ஏறவும் எழுபது, இறங்கவும் எழுபது

கொல்லிமலைக்கு சைக்கிளில் போனேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “எழுபது வளைவும் மிதிச்சே ஏறினீங்களா?” என்பதுதான். எப்படி இறங்கினீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் முதல் தடவை போனபோது அதைப் பற்றி யோசிக்கவில்லை. அதன் அடையாளம் இன்னும் என் வலது முழங்கையில் இருக்கிறது.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி. அங்கிருந்து மலை தொடங்குகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பன்னிரண்டாவது பலகையைப் பார்க்கும்போது, ‘இன்னும் ஐம்பத்தெட்டா!’ என்று கால் முதலில் கணக்குப் போட்டுவிடும்.

ஆனால், ஏறுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயங்கரம் இல்லை. கியர் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கலாம். மூச்சு வாங்கினால் நிற்கலாம். யாரும் துரத்தவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மலை முழுக்க நமக்குத்தான். ஆளைவிடப் பறவைகள் அதிகம். இரண்டு வளைவு மேலே வரும் பஸ்ஸின் ஹாரன்கூடத் தெளிவாகக் கேட்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு சுலபம். இடது ஓரமாகப் போகிற நமக்கு அது வெளி வட்டம், ஏற்றம் குறைவு. இடப்பக்கம் திரும்பும் வளைவில்தான் உள் வட்டத்தின் செங்குத்து நம் தலையில் விழும். அங்கே தள்ளாடி நடுரோட்டுக்கு வந்துவிடுவோம். அதற்கு முன்பே காது கொடுத்துக் கேட்டு, மேலிருந்து பெரிய வண்டி வருகிறதென்றால் ஓரமாக இறங்கி நின்றுவிடுவது உத்தமம். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. ஆனால், விதியை பஸ்ஸிடம் நிரூபிக்க நினைக்க வேண்டாம்.

முதல் தடவை சோளக்காட்டில் டீ குடித்து, பலாச்சுளை தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு, வெற்றி வீரனாகத் திரும்பினேன். வேகமாகப் போகப் பயம். அதனால் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே, மெதுவாக, ரொம்பப் பொறுப்பாக இறங்கினேன். அதுதான் தப்பு.

இதைப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 85 கிலோ. 900 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகமாகப் போனால் அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். ஊர்ந்து போனால் கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகும். ரிம் சூடானால் டியூபுக்குள் இருக்கும் காற்றும் சூடாகும், அழுத்தம் ஏறும். என் முன் டியூபில் ஏற்கெனவே ஒரு பழைய ஒட்டு வேறு.

நாற்பத்து மூன்றாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி நான் ரோட்டில் கிடந்தேன். ஊர்ந்துகொண்டிருந்ததால் முழங்கையோடு போயிற்று. இன்னும் பத்தடி தள்ளி வெடித்திருந்தால், தடுப்புச் சுவர் இல்லாத இடம். அதை எழுதும்போது இப்போதும் கை ஒரு மாதிரியாகிறது.

விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி, என் பாட்டிலை வாங்கி என் கையைக் கழுவிவிட்டார். எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “ஏன் சாமி, பஸ்ஸு ஓடலியா இன்னிக்கு?” என்றார்.

ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். விரலைச் சுட்டது.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. போகவைத்தது என் மகள். பதினாறு வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும், “அப்பா, என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே என் முழங்கையைப் பார்த்தாள். “ஏறுறது உங்க இஷ்டம். இறங்கும்போது புள்ள பஸ்லதான் வரணும்” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னை நம்பி ஒரு பெண்ணை அந்த இறக்கத்தில் விட முடியுமா என்று எனக்கே சந்தேகம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், முதல் பத்து வளைவு மட்டும் ஏறுவது, இறங்குவது. ஏழு மணிக்குள் முடித்துவிடுவது. அதற்குப் பிறகு பைக்கில் பந்தயம் விடுகிற தம்பிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. அது மலைக்காரர்களின் கொண்டாட்டம், நம் சைக்கிள் அங்கே இடைஞ்சல்.

அந்த மூன்று வாரத்தில் நான்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. நேர்ச் சாலையில் சைக்கிளைக் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். விடுகிற நேரத்தில்தான் ரிம் ஆறும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சறுக்கும். எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்துப் பெடல் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் இடிக்கும். பள்ளத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்த இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். ஈர இலை, ஜல்லி, மழையில் நனைந்த வெள்ளைக் கோடு மூன்றும் ஒரே குணம்.

டிஸ்க் பிரேக் இருந்தால் கவலை இல்லையா என்று கேட்பீர்கள். சூடு டியூபுக்குப் போகாது, அது பெரிய நிம்மதி. ஆனால் அதுவும் சூடாகும், பிடி குறையும். நடுவில் நிற்பது இரண்டுக்கும் பொது.

இன்னொன்று, குளிர். வியர்வையில் நனைந்த சட்டையோடு மேலிருந்து இறங்கும்போது காற்று பட்டுப் பட்டு விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. ஐரோப்பாவில் மலைப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் இறக்கத்துக்கு முன்னால் செய்தித்தாளை மடித்து சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். நானும் செய்து பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது. இந்தப் பத்தியை நீங்கள் போனில் படிப்பதால் இதை அப்படிப் பயன்படுத்த முடியாது, மன்னிக்கவும்.

நான்காவது வாரம் மேலே போகப் போகிறோம் என்று சொன்னபோது, என் மனைவி பஸ்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு இட்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். புது டியூப் போட்டீர்களா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். போட்டிருந்தேன், இரண்டு சைக்கிளுக்கும்.

ஏறும்போது மகள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அதை நான் எதிர்பார்த்தேன். மேலே காத்திருந்து, “என்னப்பா, வளைவை எண்ணிக்கிட்டே வந்தீங்களா?” என்றாள்.

இறங்கும்போது அவள் பின்னால் நான். ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நிற்பது என்று பேச்சு. முதல் தடவை நின்றோம். இரண்டாவது நிறுத்தத்தில் எனக்கு நிற்கத் தோன்றவில்லை. சாலை காய்ந்து கிடந்தது, சைக்கிள் சொன்னபடி கேட்டது, கீழே சமவெளி முழுக்க வெயில். “அடுத்ததுல நிக்கலாம்மா” என்று கத்தினேன்.

அவள் கேட்கவில்லை. ஓரமாக இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முன் ரிம்முக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “சூடா இருக்குப்பா. அஞ்சு நிமிஷம்” என்றாள்.

மிச்சம் இருந்த இட்லியைப் பிரித்தோம். நாற்பத்து மூன்று இன்னும் ஏழு வளைவு கீழே இருந்தது. அது எந்த இடம் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் இருந்து எட்டிப் பார்த்து, “என்ன பாப்பா, பஞ்சரா? ஏத்திக்கட்டுமா?” என்றார்.

“இல்லைண்ணா,” என்றாள், வாயில் இட்லியோடு. “ஆறட்டும்னு நிக்கிறோம்.”