லேக்கர்ஸுக்கு இன்னொரு நட்சத்திரம் வேண்டாம், ஒரு சென்டர் வேண்டும்

2025 மே தின விடுமுறைக் காலையில் லேக்கர்ஸ் தோற்று வெளியேறியதிலிருந்து என் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், யானிஸை எடுத்தா அடுத்த வருஷம் கப் எங்களுக்குத்தானே?" பழைய மாணவர்களும் கேட்கிறார்கள், இப்போது படிப்பவர்களும் கேட்கிறார்கள், அவர்களுடைய வாப்பாமார் இரண்டொருவரும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத முடியாது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

என் பதில்: இல்லை. யானிஸ் பெரிய வீரர், அதில் பேச்சில்லை. ஆனால் லேக்கர்ஸின் வருத்தத்துக்கு அவர் மருந்தல்ல.

முதலில் எப்படித் தோற்றோம் என்று பார்ப்போம். 50 வெற்றி, 32 தோல்வியோடு மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். முதல் சுற்றில் எதிரே வந்தது ஆறாம் இடத்து மினசோட்டா. ஏழு ஆட்டத் தொடர் ஐந்து ஆட்டத்திலேயே முடிந்துவிட்டது. 4-1.

நான்காவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியின் 24 நிமிடமும் பயிற்றுவிப்பாளர் ஜே.ஜே. ரெடிக் ஒரே ஐந்து பேரை வைத்தே ஆடினார். டொன்சிச், லெப்ரோன், ரீவ்ஸ், ஹச்சிமுரா, ஃபின்னி ஸ்மித். ஒரு மாற்றம்கூட இல்லை. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 94-84 என்று பத்துப் புள்ளி முன்னால் நின்றோம். அந்த 12 நிமிடத்தில் மினசோட்டா 32 எடுத்தது, நாங்கள் 19. முடிவு 116-113. லெப்ரோனுக்கு அப்போது வயது 40. அந்த வயதில் ஒருவரை இடைவிடாமல் 24 நிமிடம் ஓடவிட்டால் கடைசியில் கால் இழுக்காமல் வேறென்ன செய்யும்?

ரெடிக்கைத் திட்டுவது இலேசு. அவர் ஏன் மாற்றவில்லை என்று கேளுங்கள். வாங்கில் இருந்தவர்களை அவர் நம்பவில்லை. அதுதான் உண்மையான நோய்.

ஐந்தாவது ஆட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லும். மினசோட்டா அன்று 47 தடவை மூன்று புள்ளிக்கு எறிந்து 7 மட்டுமே போட்டது. அப்படி எறிந்த அணி தோற்று வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் 103-96 என்று வென்றது. எப்படி? ருடி கொபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். ஏழடி ஓரங்குல மனிதர் கூடைக்குக் கீழே நின்று, தவறிய பந்தையெல்லாம் மாங்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். தடுக்க எங்களிடம் உயரமான ஆள் களத்தில் இல்லை. முதல் நான்கு ஆட்டத்தையும் தொடங்கிய சென்டர் ஜக்சன் ஹேய்ஸுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூடக் கொடுக்கப்படவில்லை. கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்த மக்ஸி கிளீபருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. அவ்வளவுதான்.

இந்தக் குறை திடீரென்று வந்ததல்ல. 2025 ஜனவரியில் அந்தனி டேவிஸே தனக்குப் பக்கத்தில் ஒரு சென்டர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் அவரையே டலஸுக்கு அனுப்பிவிட்டு டொன்சிச்சை எடுத்தார்கள். 25 வயது டொன்சிச் கிடைத்தால் யாரும் கொடுப்பார்கள், நானும் கொடுப்பேன். ஆனால் கூடையைக் காத்தவர் போய்விட்டார். அந்த இடத்துக்கு சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை எடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் சரிவரவில்லை என்று அந்தப் பரிமாற்றத்தை லேக்கர்ஸ் தாங்களே ரத்துச் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது.

பாடசாலை நேரசூசி போட்டவர்களுக்கு இது விளங்கும். கணிதத்துக்கு மூன்று கெட்டிக்கார ஆசிரியர்கள், விஞ்ஞானத்துக்கு ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் நாலாவது கணித ஆசிரியரைக் கேட்டு வலயத்துக்குக் கடிதம் எழுதும் அதிபரை என்ன சொல்வோம்? டொன்சிச், லெப்ரோன், ரீவ்ஸ் மூவரும் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள். ஒரே பந்துதான் இருக்கிறது.

இப்போது யானிஸ் கணக்கைப் போடுவோம். 2025-26 பருவத்தில் அவருடைய சம்பளம் சுமார் 54 மில்லியன் டொலர். லேக்கர்ஸ் அப்போது ஏற்கனவே சம்பள எல்லைக்கு மேலே இருந்த அணி. அவரை எடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். ரீவ்ஸ் சுமார் 14, ஹச்சிமுரா சுமார் 18, வின்சென்ட், கிளீபர் இருவரும் சேர்ந்து சுமார் 22. நாலு பேரையும் கூட்டினால்தான் 54 வரும். அதோடு டிராஃப்ட் உரிமைகளும் போகும். பிறகு யார் விளையாடுவது? இப்போதே வாங்கில் ஆளில்லை என்று அழுகிறோம், அப்போது வாங்கே இருக்காது.

இந்தப் பாடத்தை லேக்கர்ஸ் ஒரு தடவை படித்துவிட்டது. 2021இல் ரசல் வெஸ்ட்புரூக் என்ற பெரிய பெயருக்காக கைல் குஸ்மா, கால்டுவெல் போப், ஹரல் மூவரையும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையோடு வொஷிங்டனுக்குக் கொடுத்தார்கள். அதே கோடையில் அலெக்ஸ் கரூசோவையும் போகவிட்டார்கள். அடுத்த பருவம் 33 வெற்றி, 49 தோல்வி. பிளே ஓஃப் பக்கமே போகவில்லை. கால்டுவெல் போப் 2023இல் டென்வரோடு கிண்ணம் வென்றார்.

கரூசோ எங்கே என்று கேட்கிறீர்களா? ஒக்லஹோமாவில். அந்த அணியைக் கவனியுங்கள். 2023-24 பருவம் 57 வெற்றி பெற்று, இரண்டாம் சுற்றில் டொன்சிச்சின் டலஸிடம் தோற்றது. கையில் டிராஃப்ட் உரிமைகள் குவிந்து கிடந்தன, நினைத்தால் ஒரு நட்சத்திரத்துக்கு வலை வீசியிருக்கலாம். வீசவில்லை. தடுப்பாட்டத்துக்குக் கரூசோவையும் சென்டர் இடத்துக்கு ஹார்ட்டன்ஸ்டைனையும் எடுத்தது. 2024-25 பருவம் 68 வெற்றி.

அந்த டலஸ் எப்படி 2024இல் இறுதிப் போட்டி வரை போனது? டொன்சிச்சைச் சுற்றி என்ன இருந்தது? உயரப் போடும் பந்தைப் பாய்ந்து பிடித்துக் கூடைக்குள் இறக்க லைவ்லி, கஃபர்ட் என்று இரண்டு சென்டர்கள். எதிரணியின் சிறந்த வீரரைக் கட்டிப்போட பி.ஜே. வொஷிங்டன், டெரிக் ஜோன்ஸ். கைரி எர்விங் தவிர மற்றவர்களின் பெயரை எங்கள் தம்பிமாரில் பாதிப்பேருக்குத் தெரியாது. டொன்சிச்சுக்கான சமையல் குறிப்பு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆகவே என் யோசனைகள் மூன்று.

1. முதல் வேலை சென்டர். 2025 கோடையில் ஒப்பந்தம் முடிந்தவர்களில் கிளின்ட் கபேலா இருந்தார், புரூக் லோபஸ் இருந்தார். இருவரும் இளைஞர்களல்ல. ஆனால் கபேலா ஹூஸ்டனில் ஹார்டனோடு ஆடியவர், உயரப் பந்து அவருக்குப் பழக்கம். இளம் கால் வேண்டுமானால் புரூக்ளினின் நிக் கிளக்ஸ்டனைக் கேட்கலாம். வின்சென்ட், கிளீபர் இருவருடைய ஒப்பந்தமும் 2026இல் முடிகிறது. அந்த இரண்டையும், சார்லட்டுக்குக் கொடுக்கச் சம்மதித்த அதே 2031 முதல் சுற்று உரிமையையும் வைத்துப் பேசிப் பார்க்கலாம். அன்று ஒரு சென்டருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்ததை இன்று கொடுக்கத் தயங்க என்ன இருக்கிறது?

2. ரீவ்ஸ் வாங்கிலிருந்து வர வேண்டும். இதற்குத்தான் எனக்கு ஏச்சு விழும் என்று தெரியும். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத பிள்ளை, 2024-25 பருவம் ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளி. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒன்றாகக் களத்தில் நின்றால் இருவர் சும்மா நிற்கிறார்கள், தடுப்பாட்டத்தில் எதிரணி பலவீனமானவரைத் தேடித் தேடி அடிக்கிறது. டொன்சிச் ஓய்வெடுக்கும் நேரத்தில் அணி ரீவ்ஸின் கையில் இருக்கட்டும். அவருக்குப் பந்தும் கிடைக்கும், லெப்ரோனுக்கு மூச்சும் கிடைக்கும். சான் அன்டோனியோவில் மனு ஜினோபிலி பல வருடம் அப்படித்தான் வாங்கிலிருந்து வந்தார். நான்கு கிண்ணம் வென்றார். அவரை யாரும் இரண்டாம் தர வீரர் என்று சொன்னதில்லை. ஆட்டத்தை யார் தொடங்குகிறார் என்பதைவிட யார் முடிக்கிறார் என்பதுதான் பெரிது. கடைசி ஐந்து நிமிடத்தில் ரீவ்ஸ் களத்தில் இருக்கட்டும்.

என் தொடக்க ஐவர்: டொன்சிச், ஃபின்னி ஸ்மித், ஹச்சிமுரா, லெப்ரோன், புதிய சென்டர். வாங்கில் ரீவ்ஸ், வண்டர்பில்ட், கெனெக்ட், ஹேய்ஸ். ஹேய்ஸ் கெட்ட வீரரல்ல. 15 நிமிடத்துக்குரியவரிடம் 30 நிமிடம் எதிர்பார்த்தது அவருடைய பிழையல்ல.

3. ஒன்பது பேரை நவம்பரிலிருந்தே பழக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் புதுப் பாடம் தொடங்குகிற ஆசிரியரை நாங்கள் மதிப்பதில்லை. 82 ஆட்டம் இருக்கிறது. அதில் பத்து ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. வாங்கில் இருப்பவர் ஏப்ரலில் களமிறங்கும்போது கை நடுங்காமல் இருக்க வேண்டும். அந்தத் துணிவு நிமிடங்களால் வருகிறது, பேச்சால் வருவதில்லை.

"50 ஆட்டம் வென்ற அணியை ஏன் கலைக்க வேண்டும்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வழமையான பருவத்தில் இன்றைக்கு ஓர் அணி, நாளைக்கு வேறோர் அணி. உங்கள் ஓட்டையைத் தேட யாருக்கும் நேரமில்லை. பிளே ஓஃபில் ஒரே எதிரி இரண்டு வாரம் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். சின்ன ஓட்டையும் வாசலாகிவிடும். சென்டர் இல்லாமல் 50 வெல்லலாம், நாலு சுற்றுக் கடக்க முடியாது.

"அப்போ ரீவ்ஸைக் கொடுத்தே சென்டர் எடுக்கலாமே?" என்றும் கேட்கிறார்கள். 14 மில்லியனுக்கு 20 புள்ளி எடுக்கிற இன்னொருவரைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொன்றைத் தோண்டக் கூடாது.

இதில் அவசரமும் இருக்கிறது. லெப்ரோனுக்கு 2025-26 பருவத்துக்கு 52.6 மில்லியன் டொலர் உரிமை கையில் இருந்தது, 2025 ஜூன் முடிவதற்குள் அவர் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அவர் இன்னும் எத்தனை வருடம் ஓடுவார் என்பது அவருக்கே தெரியாது. டொன்சிச்சுக்கு அப்போது 26. 2025 ஓகஸ்டிலிருந்து அவர் ஒப்பந்தத்தை நீடிக்கலாம் என்றிருந்தது. நீடிக்காவிட்டால் 2026 கோடையில் கையை உதறிக்கொண்டு போயிருக்கலாம். பொதுமுகாமையாளர் ரொப் பெலிங்கா ஜெர்சி விற்கும் பெயரைத் தேடுகிறாரா, டொன்சிச்சுக்குத் தேவையான ஆட்களைத் தேடுகிறாரா என்பதை டொன்சிச்சும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். டலஸில் அவருக்காகக் கட்டியதை லொஸ் ஏஞ்சலிஸில் கட்டாவிட்டால், 2025 பெப்ரவரியில் வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டம் ஒன்றரை வருடத்தில் வழுக்கிப் போய்விடும்.

இனி உங்கள் முறை. கீழே உங்கள் ஐந்து பேரையும் எழுதுங்கள். ஒரு நிபந்தனை: பக்கத்திலேயே, கொபேரை யார் பிடிப்பார் என்றும் எழுத வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டவர்களுக்குப் புள்ளி கிடையாது.